ரெஞ்ச் ‘டிக்’ என்றால் நம்பலாமா?

எந்த டோர்க் ரெஞ்ச் வாங்குவது என்று என்னிடம் கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். முன்பெல்லாம் மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் கராஜுக்குத்தான் போவார்கள். இப்போது ஃபோனில் வீடியோ பார்த்துவிட்டு வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். நல்லதுதான். தன் வண்டியைத் தானே திறந்து பார்க்கிறவருக்கு அதன்மேல் ஒரு கவனம் வந்துவிடும். ஆனால் நட்டை எவ்வளவு இறுக்குவது என்ற இடத்தில் கை தடுமாறும். அப்போது யாராவது சொல்லிவிடுவார்கள்: “பத்மாக்காவிட்டக் கேளுங்க. அவ முப்பத்தொரு வருசம் அதோடதான் இருந்தவ.”

டோர்க் ரெஞ்ச் பார்வைக்கு ஒரு நீளமான ஸ்பானர் போலத்தான் இருக்கும். வேண்டிய அளவைக் கைபிடியில் வைத்துவிட்டு இறுக்கினால், அந்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். கையிலும் ஒரு சின்ன உதறல் தெரியும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அளவை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். குறைவாக இறுக்கினால் நட் கழன்றுவிடும். கூடுதலாக இறுக்கினால் போல்ட் இழுபட்டு நீண்டுவிடும், அல்லது அதன் திருகுப் புரி அழிந்துவிடும். ஆனால் அந்தச் சத்தம் சரியான இடத்தில்தான் கேட்கிறதா என்று யார் பார்ப்பது? திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒரு வேர்க்சொப்பில் அதைப் பார்த்தவள் நான்.

இழுவைக் கப்பல்களின் என்ஜின்களைத் திருத்தும் இடம் அது. இருபத்திரண்டு வயதில் அங்கே டூல் ஸ்டோருக்கு எழுதுவினைஞராகப் போனேன். எனக்கு முன் அந்த வாசலுக்குள் ஒரு பெண் வேலைக்கு வந்ததில்லை. முதல் வருடம் கருவிகளின் பெயரையும் இலக்கத்தையும் பாடமாக்கினேன். இரண்டாம் வருடம், பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுப் போக, ரெஞ்ச்களைச் சோதிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. வேறு ஒருவரும் அதை விரும்பவில்லை என்பதுதான் காரணம்.

அதை எனக்குக் காட்டித் தந்தவர் எங்கள் ஃபோர்மன் லத்தீப். மூதூர்க்காரர். குடாவைக் கடக்கும் காலை லோஞ்சில் வந்து மாலை லோஞ்சில் போவார். ஒருநாளும் சத்தம் போட்டுக் கதைத்ததில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்து முடியும்வரை முன்னால் நிற்பவர் காத்திருக்க வேண்டும். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு இலக்கம்தான் பதிலாக இருக்கும். “கொஞ்சம்”, “கிட்டத்தட்ட” என்று யாராவது தொடங்கினால், “அது எத்தினை?” என்பார்.

சோதனை இப்படி நடக்கும். மேசையில் பொருத்திய அளவுமானியின் துளையில் ரெஞ்சின் தலையை மாட்ட வேண்டும். முதலில் எழுதாமல் ஐந்து தரம் இழுக்க வேண்டும். நாள்கணக்கில் சும்மா கிடந்த ஸ்பிரிங் அப்போதுதான் இளகும். பிறகு அடி அளவில் மூன்று தரம், நடு அளவில் மூன்று தரம், உச்ச அளவில் மூன்று தரம். மெதுவாக, ஒரே வேகத்தில், கைபிடியின் நடுவில் பிடித்து இழுக்க வேண்டும். ஒன்பது இலக்கங்களையும் புத்தகத்தில் எழுத வேண்டும். முடிந்ததும் அளவை ஆகக் குறைந்த இடத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் சோர்ந்துவிடும். நூறுக்கு நான்குக்கு மேல் பிழை என்றால் அந்த ரெஞ்ச் வெளியே போகாது.

நான் ஒருநாளும் மறக்காத ரெஞ்ச் ஒன்று இருந்தது. பதினோராம் இலக்கம். பெரிய என்ஜின்களுக்கானது, என் கை நீளத்துக்கு இருக்கும். ஒரு வியாழக்கிழமை அதைத் தட்டில் வைக்கும்போது கை வழுக்கிச் சீமெந்துத் தரையில் விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. ஒரு நட்டில் மாட்டி இழுத்துப் பார்த்தேன், ‘டிக்’ என்றது. ஸ்டோரில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. சோதனை மேசை பத்து அடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் வேலை முடிகிற நேரம். திங்கட்கிழமை எப்படியும் அதன் சோதனைத் தவணை வருகிறது. பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் நான் லீவு. திங்கட்கிழமை வந்து மேசையில் மாட்டினேன். இருநூறில் வைத்தால் இருநூற்று நாற்பது தாண்டித்தான் ‘டிக்’ என்றது. மூன்று தரமும் அப்படியே. கருவி எடுப்பவர்கள் எழுதும் புத்தகத்தைப் புரட்டினேன். வெள்ளிக்கிழமை காலை பதினோராம் இலக்கத்தை எடுத்தவர் ஃபிட்டர் ஜோசப். எடுத்த காரணம்: இழுவைக் கப்பலின் பிரதான என்ஜின், கனெக்டிங் ரொட் போல்ட்கள், பன்னிரண்டு.

பிஸ்டனின் முழு வேகத்தையும் தாங்கிக்கொண்டு நிற்பவை அந்தப் போல்ட்கள். ஒன்று உடைந்தால் பிஸ்டனோடு ஓடும் அந்த இரும்புத் தண்டு என்ஜினின் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும். என்ஜின் அறையில் எந்நேரமும் இரண்டு பேர் நிற்பார்கள். அன்று பகல் இரண்டு மணிக்கு அந்தக் கப்பல், துறைமுக வாயிலில் காத்து நின்ற ஒரு தானியக் கப்பலை உள்ளே இழுத்து வரப் போக இருந்தது.

நான் ஓடிப் போய் லத்தீப் ஃபோர்மனுக்கு முன்னால் நின்றேன்.

“சேர், பதினோராம் இலக்கம் பிழை.”

“எத்தினை?”

“இருநூறுக்கு இருநூற்று நாப்பத்திரண்டு.”

“எத்தினை தரம் பாத்தீங்க?”

“மூண்டு தரம்.”

“வாங்க, நாலாவது தரம் நான் பாக்கிறன்.”

பார்த்தார். அதே இலக்கம். நேரே போய் ரிசீவரை எடுத்து, “இழுவை போட் இண்டைக்குப் போக ஏலாது” என்று மேலிடத்துக்குச் சொன்னார். மறுமுனையில் பிரதம பொறியியலாளர் கத்தியது எனக்கே கேட்டது. லத்தீப் ஃபோர்மன் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, “சேர், போட் போக ஏலாது” என்று அதே தொனியில் திரும்பவும் சொன்னார்.

என்ஜினைத் திறந்து பன்னிரண்டு போல்ட்களையும் கழற்றி நீளம் அளந்தார்கள். மூன்று போல்ட்கள் நீண்டிருந்தன. மூன்றையும் ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பின்னேரம் பிரதம பொறியியலாளர் நேரில் வந்தார். ரெஞ்ச் எப்படிப் பிழைத்தது என்று அவர் ஸ்டோரில் கேட்கவே இல்லை. ஜோசப்பைக் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

“டிக் எண்டதுக்குப் பிறகும் இழுத்தனீர், என்ன? ரெஞ்சைக் கீழ போட்டும் உடைச்சிருக்கிறீர்.”

“இல்ல சேர். நான் போடேல்ல. டிக் எண்டவுடன விட்டனான்.”

“அப்ப ரெஞ்ச் தானா விழுந்ததோ? நாளைக்கு வரவேண்டாம். விசாரணை முடியட்டும்.”

ஜோசப் ஐந்து பிள்ளைகளின் தகப்பன். பதினெட்டு வருடமாக அங்கே வேலை செய்தவர். அவர் தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் அப்படி இழுத்துவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போல இருந்தது. அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. காலையில் ரெஞ்ச் பிழை என்று சொன்ன நான், அது ஏன் பிழை என்று சொல்லியிருக்கவில்லை. அந்தப் பகல் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

“சேர், அது நான்.” முன்னால் வந்து சொன்னேன். “வியாழக்கிழமை என்ர கையாலதான் விழுந்தது. சோதிக்காமப் பெட்டியில வச்சனான்.”

பிரதம பொறியியலாளர் என்னையும் லத்தீப் ஃபோர்மனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னனான்” என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லத்தீப் ஃபோர்மன் கண்ணாடியைக் கழற்றினார். நான் அங்கே நின்ற அந்த வருடங்களில் அவர் அவ்வளவு நேரம் அதைத் துடைத்ததில்லை.

“காலையில ஏன் சொல்லல்ல?”

“பயந்திட்டன் சேர்.”

“எதுக்கு?”

“ஒரு பொம்பிளைய ஸ்டோருக்குள்ள விட்டது பிழை எண்டு சொல்லுவினம் எண்டு.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “அவர் அதைத்தானே இப்ப சொல்லிட்டுப் போறார். நீங்க பயந்ததுல ஞாயம் இரிக்கு. ஆனா போட்ல ரெண்டு பேர் நிண்டிருப்பாங்களே, பத்மா. அதையும் யோசிச்சிருக்கணும்.”

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஜோசப் மறுநாளே வேலைக்கு வந்தார். புதுப் போல்ட்களை அவரே இறுக்கினார், வேறு ரெஞ்சால், மேசையில் நான் சோதிப்பதை முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு. இழுவைக் கப்பல் ஒரு நாள் பிந்திப் போய்த் தானியக் கப்பலை இழுத்து வந்தது. ஜோசப் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் ஸ்டோர் யன்னலில் வந்து நின்று, “தங்கச்சி, அண்டைக்குச் சொல்லாம விட்டிருந்தா எனக்கு என்ர கையே பொய் எண்டு போயிருக்கும்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாதாரணமாகக் கதைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை லத்தீப் ஃபோர்மன் ஸ்டோர் வாசலில் ஒரு சிவப்புப் பெட்டியை வைத்தார். மூடியில் வெள்ளை மையால் ‘விழுந்தது’ என்று ஒரே சொல். எல்லோரையும் கூப்பிட்டார். “கருவி கீழ விழுந்தா இதுக்குள்ள போடுங்க. ஆர் போட்டது எண்டு பத்மாவும் கேக்கமாட்டா, நானும் கேக்கமாட்டன். போடாம விட்டுப் பிறகு தெரிய வந்தா மட்டும் கேப்பன்.” பிறகு தன் மேல்பையிலிருந்து, நுண்ணிய தடிப்பை அளக்கும் சொந்த மைக்ரோமீட்டரை எடுத்தார். “இது போன மாசம் லோஞ்சில விழுந்தது” என்று சொல்லி முதல் ஆளாக அதைப் பெட்டிக்குள் வைத்தார். சிலர் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கிழமை முடிவதற்குள் பெட்டியில் ஏழு கருவிகள் இருந்தன. அவற்றில் நான்கு பிழையானவை. அவை எத்தனை மாதமாக அப்படி ஓடித் திரிந்தன என்பது யாருக்கும் தெரியாது.

என் வேலை வாழ்க்கையில் நான் பெருமையாக நினைப்பது அந்தப் பெட்டியோடு கழித்த வருடங்களைத்தான். இனி மோட்டார் சைக்கிளுக்கு வருகிறேன்.

நஸ்ரினா எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீடு. கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். மருத்துவ மாது. சாம்பல்தீவுப் பக்கம் வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்ப்பது அவருடைய வேலை. ஒரு கராஜில் அவருடைய மோட்டார் சைக்கிளின் ஒயில் வடிக்கும் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியதில் என்ஜினின் அலுமினியப் புரி அழிந்திருந்தது. அது தெரியாமல் ஓடியவர், வழியெல்லாம் ஒயில் சிந்தி, என்ஜின் இறுகி நடுத்தெருவில் நின்றார். தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்திருக்கிறார். என்ஜினைத் திருத்தி எடுத்த அடுத்த நாள் என் வீட்டுக்கு வந்தார்.

“பத்மாக்கா, இனி ஒயில் நானேதான் மாத்துவன். இதுல எது நல்லம்?” ஃபோனில் ஏழு ரெஞ்ச்களின் படம் இருந்தது. அவர் மனதுக்குள் தேர்ந்திருந்தது ஆகப் பெரியது, இருநூறு வரை போவது. “பெருசு எடுத்தா எல்லாத்துக்கும் வரும்தானே?”

“வராது நஸ்ரினா. மூட்டை நிறுக்கிற தராசில மஞ்சள்தூள் நிறுப்பீங்களோ?”

வண்டியோடு வந்த கைநூலை எடுத்து வரச் சொன்னேன். ரெஞ்சைத் தெரிவு செய்வது கடையில் தொடங்கும் வேலை இல்லை. வண்டியில் நீங்கள் எந்தெந்த நட்டைத் தொடப் போகிறீர்கள் என்று எழுதுவதில்தான் அது தொடங்குகிறது. அவருடைய பட்டியல் சின்னது. ஒயில் போல்ட் இருபத்துநான்கு நியூட்டன் மீட்டர், ஸ்பார்க் பிளக் பதினாறு, பின் சக்கரத்தின், அதாவது பின்சில்லின், நட் அறுபது. எந்த ரெஞ்சும் தன் உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே தடுமாறும். இருநூறு வரை போவதில் நாற்பதுக்குக் கீழே நம்ப முடியாது. அதாவது அவருடைய ஒயில் போல்ட்டுக்கே அது உதவாது. பத்திலிருந்து அறுபது வரை போகும் சின்ன ரெஞ்சை முதலில் வாங்கச் சொன்னேன். வீட்டில் பழுதாகும் புரிகள் பெரும்பாலும் சின்னப் போல்ட்களுடையவைதான்.

இலக்கத் திரை உள்ளதை அவர் கேட்டார். பற்றரி தீர்ந்தால் அது வெறும் இரும்பு, ‘டிக்’ என்பதே போதும் என்றேன். நியூட்டன் மீட்டர் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். ஒருநாளும் அதால் நட்டைக் கழற்றக்கூடாது. ஒயில் பூசிய புரியில் அதே ‘டிக்’குக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும், ஆகவே துடைத்துவிட்டு இறுக்க வேண்டும். “பின்சில்லு அதுட உச்ச அளவில நிக்குது. அதுக்கு என்ர பெரிய ரெஞ்சைத் தாறன்” என்றேன்.

புது ரெஞ்ச் தபாலில் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அதைச் சோதிக்க வீட்டில் அளவுமானி மேசை இல்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நஸ்ரினா வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளை நிறுக்கும் பழைய தொங்கு தராசைக் கொண்டுவந்தார்.

“இது சரியா?” என்று கேட்டேன்.

“என்னக்கா இப்பிடிக் கேக்கிறீங்க? போன கிழமைதான் பத்துக் கிலோப் படிக்கல் போட்டுப் பாத்தனான். தராசு பிழைச்சா பிள்ளை மெலிஞ்சிட்டுது எண்டு தாய் அழுவா.”

ரெஞ்சின் தலையை வைஸின் இரும்புத் தாடையில் கடிக்கவிட்டோம். தராசைக் கிடையாகப் பிடித்து முள்ளைச் சுழியத்தில் வைத்து, கைபிடியின் நடுவில் கொளுவினோம். தலையிலிருந்து அந்த இடம் இருபத்தைந்து சென்ரிமீட்டர். இருபத்துநான்கில் வைத்தால் ஒன்பது கிலோ எண்ணூறு கிராமில் ‘டிக்’ கேட்க வேண்டும். நஸ்ரினா இழுத்தார். ஒன்பது எழுநூறு. ஒன்பது தொள்ளாயிரம். ஒன்பது எண்ணூறு.

“ஒரு வயசுப் பிள்ளைட நிறை!” என்று அவர் கத்தினார். இரண்டு பேரும் சிரித்தோம்.

“இனி உங்கடத்தையும் பாப்பம்” என்றார். நான் வேண்டாம் என்றுதான் சொல்ல இருந்தேன். ஓய்வு பெற்றபோது வாங்கிய நல்ல ரெஞ்ச் அது. அறுபதில் வைத்து, நாற்பது சென்ரிமீட்டரில் கொளுவி இழுத்தோம். பதினைந்து கிலோவுக்கு மேலே வர வேண்டிய ‘டிக்’ பன்னிரண்டரையிலேயே வந்துவிட்டது. திரும்பவும் இழுத்தோம். அதேதான். அறுபது என்று நான் நம்பியது ஐம்பது.

காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அடிக்கடி பின்சில்லுக்குத்தானே எடுக்கிறேன் என்று மாதக்கணக்காக அதை அறுபதிலேயே விட்டு வைத்திருந்தேன். ஸ்பிரிங் சோர்ந்துபோயிருந்தது. முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் ரெஞ்ச்களைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்தவள், சொந்த வீட்டில் அதைச் செய்யவில்லை.

“ஆர் ஆருக்கு இதால இறுக்கினீங்க?” நஸ்ரினா மெதுவாகக் கேட்டார்.

மூன்று வண்டி. அவற்றில் இரண்டு எங்கள் ஒழுங்கையிலேயே நின்றன. நஸ்ரினாவின் ரெஞ்சை அறுபதிலும் தராசில் பார்த்துவிட்டு, உடனே போய் அதாலேயே இறுக்கிக் கொடுத்தோம். மூன்றாவது, கப்பல்துறைக் கிராமத்தில் இருக்கும் மீன் வியாபாரி ரவியுடையது. பின்னால் பெரிய மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்டி வீதியில் ஓடித் திரிபவர். ஃபோன் எடுத்தோம், பதில் இல்லை. அந்தப் பெட்டியின் பாரத்தை நினைக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் வண்டியை நான் எடுத்தேன். நஸ்ரினா ரெஞ்சை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

கப்பல்துறைச் சந்திக்கு இப்பால் ஒரு வேலியோரம் ரவியைக் கண்டோம். நாலைந்து பெண்கள் பெட்டியைச் சுற்றி நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ரவி, வண்டிய இனி உருட்டாதீங்க. பின்சில்லு நட் இளக்கமா இருக்கு.”

“நீங்கதானே அக்கா போன மாசம் இறுக்கினீங்க?”

“ஓம். என்ர ரெஞ்ச் பிழை. சோதிக்காம வச்சிருந்தனான். பிழை என்னில.”

அத்தனை பேருக்கும் முன்னால் அதைச் சொல்வது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. ரவி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். நஸ்ரினா குந்தியிருந்து ரெஞ்சை மாட்டினார். இந்த வேலையை அவரே செய்யட்டும் என்று நான் விலகி நின்றேன். நட் கால் சுற்றுக்குக் கிட்டத் திரும்பியது. பிறகு ‘டிக்’ என்றது. பார்த்துக்கொண்டு நின்ற பெண்களில் ஒருத்தி கைதட்டினாள்.

ரவி நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இப்ப எத்தினையில இருக்கு?” என்று கேட்டார்.

“அறுபது,” என்றார் நஸ்ரினா.

“மறக்கக்கூடாது. இனி எந்தக் கராஜில விட்டாலும் இதைச் சொல்லித்தான் இறுக்குவிப்பன்.” மீன்பெட்டி மூடியின் உட்பக்கத்தில் அன்றைய விலையைச் சோக்கால் எழுதியிருந்தார்: சூரை, பாரை, கும்பளா, எல்லாம் ஆயிரத்துக்கு மேலே. அதற்குக் கீழே, அதே எழுத்தில், ‘பின்சில்லு – 60’ என்று எழுதினார்.

அந்த நேரம் பார்த்துப் பையோடு வந்து சேர்ந்த ஒரு அம்மா மூடியை மேலிருந்து கீழாக வாசித்தார். கடைசி வரியில் கண் நின்றது.

“என்ன தம்பி, அறுபது ரூபாவுக்கு ஒரு மீனோ! அந்தப் பின்சில்லுல எனக்கு ரெண்டு கிலோ போடுங்க.”